இதில் போட்டால் யார் பார்ப்பார்கள்? பெரிய நிறுவனத்தில் புது மென்பொருளைப் பழக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரகடத்தில் ஓர் ஆலையின் பயிற்சி அறை. ஊழியர்கள் குழுவாகப் பேச வாங்கிய புது மென்பொருளில் சேனல் (ஒரு வேலைக்கான பொது உரையாடல் இடம்) என்றால் என்ன, செய்தி எப்படிப் போடுவது, ஃபைல் எப்படி ஏற்றுவது என்று ஒன்றரை மணி நேரம் பேசி முடித்திருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"மேடம், நீங்க சொன்னது எல்லாம் புரிஞ்சுது. ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் நின்னா வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போடுவேன். அஞ்சு நிமிஷத்துல மெயின்டனன்ஸ்ல இருந்து ஆள் வந்துடுவார். இதுல போட்டா யார் பாப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு அடுத்த மாதம்தான் வகுப்பு. ஊழியர் எண் வரிசையில் பேட்ச் பிரித்திருந்தோம். சூப்பர்வைசர் புது மென்பொருளில் செய்தி போட்டிருந்தாலும் மறுமுனையில் அதைத் திறந்து பார்க்க ஆள் கிடையாது. இரண்டு முறை போட்டுப் பார்த்து, பதில் வராமல், அவர் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிட்டார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை.

எக்செல்லைத் தனியாக உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். டீம்ஸ், ஸ்லாக், ஸோஹோ கிளிக் போன்ற குழு உரையாடல் மென்பொருள்களை அப்படிக் கற்க முடியாது. எதிரே இருப்பவரும் அதே நாளில் வந்தால்தான் அவற்றால் பயன் உண்டு. இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சூப்பர்வைசரின் கேள்வியைச் சுற்றித்தான் போகும். எந்த மென்பொருளை வாங்குவது என்ற பேச்சு இதில் இல்லை. உங்கள் நிர்வாகம் அதை ஏற்கெனவே வாங்கியிருக்கும். உங்களுக்கு மெயிலில்தான் தெரிந்திருக்கும்.

படி 1: முதலில் வேலையைப் பாருங்கள்

பயிற்சிக் குழு செய்யும் முதல் தவறு, மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு பாடத்திட்டம் எழுதுவது. அதை மூடி வையுங்கள். ஒரு வாரம் நான்கைந்து குழுக்களுடன் போய் உட்காருங்கள். கிண்டி தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, ஆலையில் ஒரு ஷிஃப்ட், அம்பத்தூர் கிடங்கு, விற்பனைப் பிரிவு என்று வகைக்கு ஒன்று போதும்.

"உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்டால் "எல்லாமே சொல்லிக்கொடுங்க" என்பார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. இப்படிக் கேளுங்கள்: கடைசியாக எந்த ஃபைலைத் தேடி அலைந்தீர்கள்? நேற்று யாருடைய பதிலுக்காக வேலை நின்றது? நீங்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்களில் எவையெல்லாம் ஆபீஸ் வேலைக்கானவை? மூன்றாவது கேள்விக்குச் சிரிப்புதான் முதலில் வரும். பிறகு போனை எடுத்துக் காட்டுவார்கள். "டிஸ்பாட்ச் அர்ஜென்ட்", "டிஸ்பாட்ச் அர்ஜென்ட் நியூ", மேலாளர் இல்லாத "டிஸ்பாட்ச் ஒன்லி அஸ்". நிறுவனத்தின் உண்மையான தகவல் வரைபடம் அந்தப் பட்டியல்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்ததிலிருந்து வேலைச் சங்கிலிகளை எடுங்கள். லைன் நின்றால் சூப்பர்வைசர், மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ்: இது ஒரு சங்கிலி. தள்ளுபடிக்கு விற்பனையாளர் கேட்பது, மண்டல மேலாளர் சரி சொல்வது, கணக்குப் பிரிவு பதிவது: இது இன்னொன்று. ஒவ்வொரு சங்கிலியிலும் கேட்பவர் யார், பதில் சொல்பவர் யார் என்று பிரித்து எழுதுங்கள். பயிற்சி எப்போதும் பதில் சொல்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். மெயின்டனன்ஸுக்கு திங்கள், ஸ்டோர்ஸுக்கு செவ்வாய், சூப்பர்வைசர்களுக்கு புதன். இந்த வரிசை மாறினால் எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

படி 2: எதை எங்கே போடுவது?

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. நடைமுறையில் யாரும் நேரமே கொடுக்காத இடமும் இதுதான். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை இரண்டு நாளில் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். "இதைச் சாட்டில் போடணுமா, சேனலில் போடணுமா, மெயில் அனுப்பணுமா?" என்ற குழப்பம்தான் வருடக்கணக்கில் தீராது.

ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். குழுவினரே எழுத வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். எங்கள் ஆலையில் கடைசியில் உருவானது ஏறக்குறைய இப்படி இருந்தது: லைன் நின்றால் "லைன் ஸ்டாப்" சேனலில் போட்டோவும் மெஷின் எண்ணும். ஷிஃப்டில் இருக்கும் மெயின்டனன்ஸ் ஆள் பத்து நிமிடத்துக்குள் "பார்த்தேன்" என்று குறி போட வேண்டும். குறி விழவில்லை என்றால் போன். உயிருக்கு ஆபத்து, தீ, காயம் என்றால் இதெல்லாம் கிடையாது, நேராக போன். வாடிக்கையாளருக்கும் சப்ளையருக்கும் எப்போதும் மெயில். ஒருவரைப் பற்றிய குறையைச் சேனலில் போடக்கூடாது. தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

அந்த "பத்து நிமிடம்" என்ற வரிக்காக இரண்டு கூட்டம் நடந்தது. மெயின்டனன்ஸ் தலைவர் அரை மணி நேரம் கேட்டார், உற்பத்தித் தரப்பு ஐந்து நிமிடம் என்றது. அந்தச் சண்டை அவசியமான சண்டை. அது முடிந்த அன்றுதான் சூப்பர்வைசரின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

ஃபைல்களைப் பற்றியும் இதே பக்கத்தில் ஒரு வரி வேண்டும். அதற்கான காரணத்தை ஊழியர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் தனிச் சாட்டில் அனுப்பும் ஃபைல், அனுப்பியவருடைய ஒன்டிரைவில்தான் (அவருடைய சொந்தச் சேமிப்பிடம்) இருக்கும். சேனலில் போட்டது குழுவின் ஷேர்பாயின்டில் (பொதுச் சேமிப்பிடம்) இருக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போய் அவர் கணக்கு நீக்கப்பட்டால், நிர்வாகி அமைப்பை மாற்றாதவரை, அவருடைய ஒன்டிரைவ் 30 நாள்தான் வைக்கப்படும். ஓஎம்ஆரில் ஆட்கள் கம்பெனி மாறும் வேகம் உங்களுக்கே தெரியும். "அந்த ரேட் ஷீட் அவர்கிட்ட இருந்துச்சே" என்று தலையில் கைவைத்த கதை ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒன்று இருக்கும். அதைச் சொல்லிவிட்டு, "அதனால்தான் வேலை ஃபைல் சேனலில்" என்று முடித்தால் மறக்கவே மாட்டார்கள். கூட்டப் பதிவுகளும் அப்படித்தான். யாரும் மாற்றியமைக்கவில்லை என்றால் டீம்ஸ் பதிவு 120 நாளில் காலாவதியாகும். முக்கியமானதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சேனல் பெயர்களையும் சும்மா விட்டுவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் சேனல் திறக்கலாம் என்று விட்டால் மூன்றே மாதத்தில் "ஜெனரல்", "ஜெனரல் 2", "டெஸ்ட்" என்று குவிந்துவிடும். ஊர், பிரிவு, வேலை என்ற வரிசையில் பெயர் வையுங்கள்.

படி 3: பெரியவர்களுக்கு முதலில், தனியாக

ஜிஎம் இன்னும் மெயிலில் பதில் போட்டுக்கொண்டிருந்தால் கீழே இருப்பவர் யாரும் சேனலுக்கு வரமாட்டார். பதில் கிடைக்கும் இடத்தில்தான் கேள்வியும் போகும். அதனால் மேலாளர்களை முதலில் பிடிக்க வேண்டும். ஆனால் வகுப்பில் உட்கார வைத்து அல்ல. இருபத்தைந்து வருட அனுபவம் உள்ள ஒருவர், போன வருடம் சேர்ந்த பையன் முன்னால் "இதை எங்கே அழுத்தணும்?" என்று கேட்க மாட்டார். "பிசி, அப்புறம் பார்க்கலாம்" என்பார். அதற்கு அர்த்தம் நமக்குப் புரிய வேண்டும்.

அவருடைய அறையில், கதவை மூடிக்கொண்டு, இருபது நிமிடம். அவர் போனிலும் லேப்டாப்பிலும் உள்நுழைய வையுங்கள். நோட்டிஃபிகேஷனில் தேவையில்லாததை நிறுத்திக் கொடுங்கள். இதற்கே நன்றி சொல்வார். அவர் தினம் கேட்கும் ஒரு அறிக்கையை மட்டும் எடுத்து, அது சேனலில் எங்கே வரும் என்று காட்டுங்கள். கடைசியாக ஒன்றை மட்டும் கேளுங்கள்: "சார், இந்த அறிக்கை மெயிலில் வந்தால் பதில் போடாதீர்கள். சேனலில் வந்ததற்கு மட்டும் போடுங்கள். ஒரு மாதம் போதும்."

இவரைவிடவும் முக்கியமான ஒருவர் உண்டு: அவருடைய பிஏ. கூட்டம் போடுவது, ஃபைல் அனுப்புவது, நினைவூட்டுவது எல்லாம் அவர் கையில்தான். அவருக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

படி 4: பக்கத்து சீட்டில் சொல்லித்தரும் ஆள்

புதியது ஒன்று எப்படிப் பரவுகிறது என்பதை அமெரிக்க சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962இல் விளக்கினார். முந்திக்கொண்டு முயன்று பார்ப்பவர்கள் 2.5 விழுக்காடு. அடுத்து வரும் 13.5 விழுக்காட்டினரைத்தான் மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றுகிறார்கள். அதன்பின் 34, இன்னொரு 34, கடைசியில் 16. பயிற்சிக் குழுக்கள் வழிகாட்டி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் அந்த 2.5இல் போய் விழுகிறார்கள். தானாகக் கை தூக்கும் தொழில்நுட்ப ஆர்வலர், மற்றவர்களுக்கு "அவனுக்கு இதே வேலை" ரகம்.

ஆளைக் கண்டுபிடிக்க நான் கேட்கும் கேள்வி: "எக்செல் ஃபார்முலா உடைந்தால் யாரிடம் போவீர்கள்?" மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அவர்தான். பெரும்பாலும் அமைதியானவராக இருப்பார். இருபது, இருபத்தைந்து பேருக்கு ஒருவர் இருந்தால் சமாளிக்கலாம். அவருடைய மேலாளரிடம் பேசி வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வாங்கிக் கொடுங்கள். வருட மதிப்பீட்டிலும் அது எழுதப்பட வேண்டும். டீ-ஷர்ட் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: நாள் குறிப்பது

மார்ச் கடைசியில் கணக்குப் பிரிவு உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்கள். பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். ஆயுத பூஜை முதல் தீபாவளி வரை அதே கதை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைப் பற்றி நாங்கள் பட்டே தெரிந்துகொண்டோம். 2023 டிசம்பர் 4, திங்கள்கிழமை, என்று பெரிய மாற்றத்துக்கு நாள் குறித்திருந்தோம். அன்றைக்குத்தான் மிக்ஜாம் புயல். எங்கள் ஆட்களில் பலருக்கு கரண்ட் இல்லை, டவர் இல்லை, வேளச்சேரிப் பக்கம் இருந்தவர்கள் வீட்டை விட்டே வெளியே வர முடியவில்லை. புது மென்பொருள் அந்த வாரம் யார் நினைவிலும் இல்லை.

என் பரிந்துரை ஆடி மாதம். "ஆடியில போய் புதுசு ஆரம்பிக்கிறீங்களா?" என்று ஒரு மூத்த அதிகாரி முகம் சுளிக்கலாம். ஆனால் கல்யாணம் இல்லை, நீண்ட லீவு குறைவு, ஜூன் காலாண்டு முடிந்திருக்கும், மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவருக்காக வேண்டுமானால் "தொடக்க விழா"வை ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை ஆடியிலேயே முடித்துவிடுங்கள்.

படி 6: வகுப்பு

நாற்பத்தைந்து நிமிடம், பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். மாதிரித் தகவல்களை வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். அவர்களுடைய லேப்டாப், அவர்களுடைய உண்மையான சேனல், அன்றைய உண்மையான ஃபைல். வகுப்பு முடியும்போது அன்றைய வேலையில் ஒன்று நிஜமாகவே முடிந்திருக்க வேண்டும்.

முதல் பத்து நிமிடம் லாகினுக்குப் போய்விடும். பாஸ்வேர்டு மறந்தவர், ஓடிபி வரும் நம்பரை மாற்றியவர், போனில் இடமில்லாதவர் என்று எல்லாரும் வருவார்கள். முந்தின நாளே ஐடி ஆள் ஒருவரை அனுப்பி இதை முடித்துவிட்டால் வகுப்பு நேரம் மிச்சம். அடுத்து, படி 2இல் குழுவினர் ஒரே பக்கத்தில் எழுதிய ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். அதன்பின் மூன்றே வேலை: ஒரு கேள்வி போடுவது, ஒரு ஃபைலை இருவர் ஒரே நேரத்தில் திருத்துவது, பழைய செய்தி ஒன்றைத் தேடி எடுப்பது. இரண்டாவதைச் செய்யும்போதுதான் முகங்கள் மாறும். "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் கரெக்டட்" என்று ஃபைல் வைத்துக்கொண்டு திண்டாடியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கடைசி ஐந்து நிமிடம் நோட்டிஃபிகேஷனை அடக்குவது எப்படி என்று காட்டுங்கள். ராத்திரி பத்து மணிக்கு டிங் டிங் என்று அடித்தால் மறுநாளே ஆப்பை நீக்கிவிடுவார்கள்.

பேச்சு தமிழில் இருக்கட்டும். பொத்தான்களின் பெயரை மட்டும் திரையில் உள்ளபடியே சொல்லுங்கள். "சேனல்" என்று திரையில் இருப்பதை நீங்கள் "அலைவரிசை" என்று சொன்னால் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒப்பந்த ஊழியர்களில் வட மாநிலத்தவர் நிறைய. அவர்களுக்கு இந்தியில் சொல்லித்தர அவர்களில் ஒருவரையே தயார் செய்யுங்கள்.

வகுப்பு முடிந்த மறுநாளே பாதி மறந்துபோகும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னையே சோதித்துப் பார்த்துச் சொன்னது இது: படித்த கொஞ்ச நேரத்திலேயே நினைவு வேகமாக இறங்குகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. மூன்றாம் நாள் பத்து நிமிடம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு பத்து நிமிடம், அவர்கள் இடத்துக்கே போய். ஒரே நாளில் மூன்று மணி நேரம் நடத்துவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

படி 7: மேசை இல்லாதவர்கள்

ஆபரேட்டர், டிரைவர், கிடங்கு ஆள், விற்பனையாளர் ஆகியோருக்கு மெயில் ஐடியே இருக்காது. லைசென்ஸ் வாங்கும்போதே இவர்களைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்டில் களப்பணியாளர்களுக்கென்றே எஃப்1, எஃப்3 என்று தனி வகை உண்டு. பல ஆலைகளில் லைனில் போன் கூடாது. அங்கே சூப்பர்வைசர் மேசையில் பொதுக் கணினியோ டேப்லட்டோ வேண்டும். அதில் ஒருவர் லாக்அவுட் செய்யாமல் போய் அடுத்தவர் அவர் பெயரில் செய்தி போடுவது கட்டாயம் நடக்கும். சொல்லி வையுங்கள்.

இவர்களுக்கு வகுப்பறை வேண்டாம். ஷிஃப்ட் தொடக்கத்தில் நின்றபடி நடக்கும் கூட்டத்தில் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு விஷயம், ஒரு வாரம். ஆங்கிலத்தில் தட்டத் தயங்குபவர்களுக்கு வாய்ஸ் மெசேஜும் போனின் தமிழ் கீபோர்டும் காட்டுங்கள். தமிழில் செய்தி போடலாம் என்று மேலாளரே ஒரு முறை தமிழில் போட்டுக் காட்டினால் கூச்சம் போய்விடும்.

படி 8: பழைய வழியை மூடுவது

இரண்டும் திறந்திருந்தால் பழையதுதான் ஜெயிக்கும். மைக்ரோசாஃப்ட் 2017இல் டீம்ஸைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆன்லைனை நிறுத்தியது 2021 ஜூலை 31இல். அந்தத் தேதியை இரண்டு வருடம் முன்பே அறிவித்திருந்தார்கள். அப்படியும் கடைசி மாதத்தில் அலறியடித்துக்கொண்டு மாறிய அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

சங்கிலி வாரியாக மூடுங்கள். பயிற்சி முடிந்து மூன்று வாரம் இரண்டும் இருக்கட்டும். பிறகு பழைய பொது ஃபோல்டரைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். அழித்தால் ஆளுக்கு ஆள் பென்டிரைவில் நகல் வைத்துக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப்பைத் தடை செய்து சுற்றறிக்கை விடாதீர்கள். குரூப் இன்னொரு பெயரில் பிறக்கும். குரூப் அட்மினைக் கூப்பிட்டு, அவரையே கடைசிச் செய்தி போடச் சொல்லுங்கள்: "இனி லைன் விஷயம் சேனலில். இங்கே பிறந்தநாள் வாழ்த்து மட்டும்." அந்தக் குரூப் வாழட்டும், வேலை மட்டும் இடம் மாறட்டும். ஏன் மாற வேண்டும் என்று கேட்டால் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர் போனில் வாடிக்கையாளர் விவரம் அப்படியே இருக்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது நிறுவனத்தின் தலைவலி.

படி 9: முதல் இரண்டு வாரம்

கேன்டீன் வாசலில் மதிய நேரத்தில் ஒரு மேசை போட்டு ஓர் ஆளை உட்கார வையுங்கள். ஐடி பிரிவுக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போடத் தயங்குபவர்கள் கையில் டீயோடு வந்து கேட்பார்கள். கேள்விகளை எழுதி வையுங்கள். ஒரே கேள்வி ஐந்தாவது முறை வந்தால் அது பயிற்சியின் ஓட்டை. ஒரு நிமிட வீடியோவாக எடுத்து அந்தந்தச் சேனலில் போடுங்கள்.

படி 10: அளப்பது

"இத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள்" என்று ஸ்லைடு போடுவது எளிது. பயிற்சி மதிப்பீட்டு ஆய்வாளர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே பயிற்சியை நான்கு அடுக்கில் பார்க்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் என்ன. வருகைப் பதிவு இதில் எந்த அடுக்கிலும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 நிர்வாகப் பகுதியில் 7, 30, 90, 180 நாள் பயன்பாட்டு அறிக்கை கிடைக்கும். அதில் வரும் "ஆக்டிவ் யூசர்" எண்ணை அப்படியே நம்பாதீர்கள். சேனலில் பேசாமல், தனிச் சாட்டில் "சாப்ட்டாச்சா?" என்று ஒரு செய்தி அனுப்பியவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார். படி 1இல் கேட்ட அதே கேள்விகளை அதே ஆட்களிடம் மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள். ஃபைல் தேடி அலைந்தாரா? பதிலுக்குக் காத்திருந்தாரா? "லைன் ஸ்டாப்" சேனலில் செய்திக்கும் "பார்த்தேன்" குறிக்கும் இடையே எத்தனை நிமிடம்?

அறிக்கையில் தனிநபர் பெயர் பார்ப்பதைத் தவிருங்கள். "யார் எத்தனை மெசேஜ் போடுறாங்கன்னு எச்ஆர் பாக்குறாங்களாம்" என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும். எல்லாரும் காலையில் ஒரு "குட் மார்னிங்" போட்டுக் கணக்குக் காட்டிவிட்டு மெயிலுக்குப் போய்விடுவார்கள்.

அதன் பிறகு இருப்பது பராமரிப்பு வேலைதான். புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே ஒரு பக்க ஒப்பந்தத்தை ஐடி கார்டோடு சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு சேனலுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கட்டும்; அவர் வேலை மாறினால் பெயரையும் மாற்றுங்கள். ஏப்ரலில் கணக்கு முடித்த கையோடு, மூன்று மாதமாக யாரும் எட்டிப் பார்க்காத சேனல்களை எடுத்து ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள்.